பதின்மூன்று வயதுப் பூனைக்கு ஈரல் நோய், உணவைத் தொடவே மறுக்கிறது

வெள்ளவத்தை மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூனை வெள்ளச்சிக்கு வரும் ஆவணியோடு பதின்மூன்று வயது நிறைகிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில், வெளியே இறங்காமலே வளர்ந்த பெண் பூனை. சென்ற ஆண்டு தடுப்பூசிக்குக் கொண்டுசென்றபோது 5.4 கிலோ இருந்தவள் இப்போது 4.3 கிலோ இருக்கிறாள்.

சென்ற மாதம் ஒரு செத்தவீட்டுக்காக யாழ்ப்பாணம் சென்ற அம்மா, அந்தியேட்டி முடியும்வரை அங்கேயே தங்க நேர்ந்தது. வெள்ளச்சிக்கு எப்போதும் உணவு வைப்பவர் அம்மாதான். அவர் போனதிலிருந்து அவள் தட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போனாள். அம்மாவைத் தேடுகிறாள், அவர் வந்தால் சரியாகிவிடுவாள் என்று நாங்களும் இருந்துவிட்டோம். அம்மா திரும்பி வந்த அன்று அவளை மடியில் தூக்கியவுடன், "இவளுடைய காது ஏன் மஞ்சளாக இருக்கிறது?" என்று கேட்டார். வெள்ளை நிறப் பூனையாக இருந்தும் அது எங்கள் கண்ணில் படவில்லை என்பது இப்போது வெட்கமாக இருக்கிறது.

மிருக வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்து ஈரல் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். ஈரல் நொதியங்களான ஏ.எல்.ரி. 312, ஏ.எல்.பி. 540, உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபின் 4.1. தோலுக்கடியில் சேலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்த ஊசி போட்டு, மூன்று வகைக் குளிசைகளும் தந்தார். ஈரலுக்கு ஓய்வு வேண்டும் என்பதால் மீனையும் இறைச்சியையும் குறைத்து, கஞ்சி கொடுக்கும்படி கூறினார். அவள் கஞ்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேலும் இரண்டு நாட்களில் சாப்பிடாவிட்டால் கழுத்தில் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்கிறார். இந்த வயதில் அவளை மயக்கமருந்துக்கு உட்படுத்தலாமா என்று அப்பா தயங்குகிறார்.

பக்கத்து வீட்டு அக்கா, செங்கண்மாரிக்குக் கீழ்க்காய்நெல்லியை மிஞ்சிய மருந்து இல்லை என்று சாறு பிழிந்து கொண்டுவந்து தந்திருக்கிறார். உடம்பு சற்றுச் சூடாக இருப்பதுபோலவும் தோன்றுகிறது. பனடோலில் காற்பங்கு கொடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசி எழுதியது:

மற்றக் கேள்விகளுக்கு விவரம் அறிந்தவர்கள் பதில் தருவார்கள். நான் ஒன்றை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன். பனடோலைக் கொடுக்க வேண்டாம், காற்பங்குகூட வேண்டாம். அதிலுள்ள பரசிற்றமோலை நஞ்சகற்றி வெளியேற்றும் வழி மனித ஈரலில் இருப்பதுபோலப் பூனையின் ஈரலில் இல்லை. அது உடம்பிலேயே தங்கி இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். பல் முரசு கபில நிறமாகும். முகமும் பாதங்களும் வீங்கும். நல்ல ஈரல் உள்ள வளர்ந்த பூனையைக் கொல்வதற்கே 500 மில்லிகிராம் குளிசை ஒன்று போதும். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பூனையை இப்படித்தான் இழந்தோம். கொடுத்தது நான்தான்.

தெஹிவளை நாற்பூனை எழுதியது:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது அந்த எண்களை விட, அவள் சாப்பிடாமல் இருந்த நாட்கள்தான். சற்றுப் பருமனான பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தால், உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்புக் கரைந்து ஈரலுக்குள் போய்க் குவிகிறது. அவ்வளவு கொழுப்பை எரிக்கவோ வெளியே அனுப்பவோ பூனையின் ஈரலால் முடிவதில்லை. கொழுப்பு நிறைந்த ஈரல் குமட்டலை உண்டாக்குகிறது, குமட்டலால் பூனை மேலும் சாப்பிடாமல் இருக்கிறது, அதனால் மேலும் கொழுப்பு வந்து சேர்கிறது. வெளியிலிருந்து நாம் உணவைச் செலுத்தாமல் இந்தச் சுழல் தானாக அறுவதில்லை. இதற்கு உணவுதான் முதல் மருந்து, குளிசைகளெல்லாம் அதற்குத் துணை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பதினொரு வயதுக் கடுவனுக்கு இதே நிலை வந்தபோது, குழாய் வேண்டாம் என்று பிடிவாதமாக ஐந்து நாட்களை வீணாக்கியவன் நான். சிறிஞ்சினால் வாயில் உணவைத் திணித்தேன். பாதி என் சட்டையில் சிந்தியது, மீதியை அவன் கக்கினான். கடைசியில் என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளியத் தொடங்கினான். குமட்டல் இருக்கும்போது வற்புறுத்தி ஊட்டினால் பூனைக்கு அந்த உணவின் மீதே வெறுப்பு வந்துவிடலாம் என்பதையும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வரலாம் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். குழாய் வைத்த மறுநாளே வீட்டில் சண்டை நின்றுபோனது. அவன் என் மடியில் படுத்து உறங்கிக்கொண்டிருக்க, நான் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல உணவைச் செலுத்துவேன். கழுத்தின் இடப்புறத்தில் ஒரு சிறு துளை வழியாக உணவுக்குழாய்க்குள் போகும் மெல்லிய குழாய் அது. வைப்பதற்குச் சிறிது நேர மயக்கமே போதும். குழாய் இருக்கும்போதே பூனையால் வாயாலும் சாப்பிட முடியும். குளிசைகள் பலவற்றைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்து அதன் வழியே கொடுக்கலாம் என்பது இன்னொரு வசதி.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4.3 கிலோ பூனைக்கு ஓய்வு நிலையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி தேவை. ஆனால் பட்டினி கிடந்த உடம்புக்கு முதல் நாளே அதை முழுமையாகக் கொடுத்துவிடக் கூடாது. அப்படிக் கொடுத்தால் இரத்தத்திலுள்ள பொட்டாசியமும் பொசுபேற்றும் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். எங்கள் வைத்தியர் முதல் நாள் காற்பங்கில் தொடங்கி, நான்கு நாட்களில் முழு அளவுக்குக் கொண்டுவந்தார். ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி தரும் உணவாக இருந்தால், உங்கள் பூனைக்கு முதல் நாள் 50 மி.லீ. மட்டும், அதையும் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் 5 மி.லீ. இளஞ்சூட்டுத் தண்ணீர் செலுத்தாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். பூனைகளுக்கான தகர உணவை அரைத்த பின் கட்டாயம் வடியில் வடிக்க வேண்டும். ஒரு சிறு நார் போதும், இரவு பதினொரு மணிக்கு அடைத்துக்கொண்டு உங்களை அழவைக்கும். கொழும்பு வெக்கையில் அரைத்ததை வெளியே வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாளைக்கு மட்டும் வைத்திருந்து, வேண்டியதை எடுத்துச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் இறக்கி உடற்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வாயால் உண்ண ஆசை காட்டுவதற்கு மாசித் துருவல் ஒரு சிட்டிகை எங்களுக்கு உதவியது. ஆனால் குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதைச் செய்யாதீர்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை, கழுவினாலும் மீனில் ஊறியது போகாது.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் எழுதியது:

பூனையை நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆகவே உங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

"ஈரல் நோய்" என்பது ஒரு நோயின் பெயர் அன்று. மேலே நண்பர் விவரித்த கொழுப்பு ஈரல் ஒன்று. பித்தக்கான்களில் பற்றீரியாவினால் வரும் அழற்சி இன்னொன்று. உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குவதால் மெல்ல வளரும் அழற்சி மூன்றாவது. வயதான பூனையில் புற்றுநோயையும் மறந்துவிடக் கூடாது. ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றொன்றுக்குக் கேடாகலாம். எதிர்ப்புச் சக்தி சார்ந்த அழற்சிக்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டு மருந்து உதவும். அதையே பற்றீரியாத் தொற்றுள்ள பூனைக்குக் கொடுத்தால் தொற்றுப் பரவும். கொழுப்பு ஈரலுள்ள பூனைக்குக் கொடுத்தால் மேலும் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்குள் தள்ளும். தந்த மூன்று குளிசைகளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்த நோயைக் கருதித் தரப்பட்டது என்று கேளுங்கள்.

உங்கள் எண்களில் என் கண்ணில் முதலில் பட்டது ஏ.எல்.பி. தான். நாயின் இரத்தத்தில் அந்த நொதியம் பாதியாகக் குறைய மூன்று நாட்கள் அளவில் ஆகும். பூனையில் ஏறத்தாழ ஆறு மணித்தியாலமே ஆகும். அவ்வளவு விரைவாக வடிந்துவிடும் ஒன்று பூனையில் 540 வரை நிற்கிறதென்றால் அது சிறிய விடயமன்று. இத்துடன் ஜி.ஜி.ரி. என்ற இன்னொரு நொதியத்தின் அளவும் தேவை. ஏ.எல்.பி. பெரிதும் உயர்ந்து ஜி.ஜி.ரி. சாதாரணமாக இருந்தால் கொழுப்பு ஈரலை நோக்கியும், இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் பித்தக்கான் அழற்சியை நோக்கியும் எண்ணம் செல்லும். பத்து வயதைக் கடந்த பூனையில் தைரொயிட்டுச் சுரப்பு மிகுந்தாலும் ஏ.எல்.ரி. உயரும். அத்தகைய பூனைகள் பொதுவாக நிறையத் தின்றபடியே மெலியும் என்பதால் உங்கள் பூனையில் அது முதற்சந்தேகம் அன்று. ஆயினும் அந்தச் சுரப்பை அளக்கும் ரி4 பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது.

வயிற்றை ஸ்கேன் செய்யும்போது சதையியையும் (கணையம்) குடலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூனையில் பித்தக்கானும் சதையியின் கானும் குடலுக்குள் ஒரே வாயிலில் திறப்பதால், மூன்று உறுப்புகளிலும் அழற்சி ஒன்றாக இருப்பது அடிக்கடி காணப்படுவது. கொழுப்பு ஈரலுக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு காரணம் ஒளிந்திருக்கும். அம்மாவின் பிரிவு மட்டுமே காரணம் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட வேண்டாம்.

வீட்டில் பல்லி பிடித்துத் தின்னும் பழக்கம் அவளுக்கு உண்டா? வெப்பமண்டல நாடுகளில் பிளட்டினோசோமம் என்ற தட்டைப்புழு நத்தை, மரப்பேன், பல்லி என்று ஒவ்வொன்றாக மாறி, கடைசியில் பூனையின் பித்தக்கானுக்குள் குடியேறுகிறது. வழமையான மலப் பரிசோதனையில் அதன் முட்டை தப்பிவிடுவதுண்டு. நாம் வழமையாகக் கொடுக்கும் பூச்சிக் குளிசையின் அளவும் அதற்குப் போதாது. அக்குளிசையிலுள்ள பிரசிகுவண்டெல் என்ற மருந்தையே பல மடங்கு கூடிய அளவில் சில நாட்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். மாடிவீட்டுப் பூனைக்கு வெளியுலக நோய்கள் வராது என்று நினைக்கிறோம். பல்லிக்கு மூன்றாம் மாடி ஒரு பொருட்டே அன்று.

மீனையும் இறைச்சியையும் குறைக்கும் ஆலோசனையில் நான் உடன்படவில்லை. பூனையின் உடல் புரதத்தை உடைக்கும் வேகத்தை, உணவில் புரதம் குறைந்தாலும் குறைத்துக்கொள்ளாது. கொடுக்காவிட்டால் தன் தசையையே தின்னும். அமோனியாவை யூரியாவாக மாற்றுவதற்கு வேண்டிய ஆர்ஜினீன் என்ற அமினோ அமிலமும் இறைச்சியிலிருந்தே வர வேண்டும். ஈரல் நஞ்சு மூளையைத் தாக்கும் அறிகுறிகள் தெரிந்தால் மட்டுமே, அதுவும் வைத்தியரின் மேற்பார்வையில், புரதத்தைக் குறைக்கலாம். காரணமின்றிப் பெருகி வழியும் எச்சில், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்றல், வட்டமாகச் சுற்றுதல், பார்வை தெரியாததுபோல் தடுமாறுதல் ஆகியவை அவ்வறிகுறிகள். மெட்ரோனிடசோல் போன்ற கசப்புக் குளிசை கொடுத்தவுடன் நுரை தள்ளுவதைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள், அது கசப்பினால் வருவது. கஞ்சியும் குளுக்கோஸ் தண்ணீரும் கொழுப்பு ஈரலுக்கு உதவாதவை.

கீழ்க்காய்நெல்லியைப் பழிக்க எனக்கு மனமில்லை, என் தாயாரும் எனக்கு அரைத்துத் தந்தவர்தான். ஆனால் பூனையின் ஈரல் பல தாவரச் சேர்மங்களை நம் ஈரல்போலக் கையாளாது. குமட்டலில் இருக்கும் பூனைக்கு அந்தக் கசப்பை ஊட்டினால் எஞ்சியிருக்கும் சிறிதளவு பசியும் போய்விடும். அந்த அக்காவுக்கு நன்றி சொல்லிச் சாற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்கத்தைப் பற்றி அப்பா தயங்குவது நியாயம். ஈரல் கெட்டால் இரத்தம் உறைவதும் கெடும் என்பதால், கழுத்தில் குழாய் வைக்கும் முன் இரத்த உறைவைப் பரிசோதித்து, தேவையாயின் விற்றமின் கே ஊசி போடுவார்கள். அவள் மிகவும் தளர்ந்திருந்தால், மயக்கம் இல்லாமலே மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இரண்டு மூன்று நாட்கள் நீர்ம உணவு கொடுத்துத் தேற்றிய பின் கழுத்துக் குழாய்க்குப் போகலாம். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அறிக்கைகளைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். ஆனால் இந்த நிலையில் பூனையை நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்யவைப்பதை விட, இன்றைக்கே கொழும்பில் உணவை உள்ளே செலுத்துவதுதான் முக்கியம்.

வெள்ளவத்தை மாடிவீடு எழுதியது:

மிக்க நன்றி. பனடோல் கொடுக்கவில்லை. பதிவுகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய பின் வேறொரு வைத்தியரிடம் கொண்டுசென்றோம். ஜி.ஜி.ரி. சாதாரணம், ரி4 சாதாரணம். ஸ்கேனில் ஈரல் பெருத்து வெண்மையாகத் தெரிகிறது. பித்தக்கானில் அடைப்பு இல்லை. சதையி சற்று வீங்கியிருக்கிறது. கொழுப்பு ஈரல்தான் என்று கருதி, விற்றமின் கே கொடுத்து, நேற்றுக் காலை கழுத்துக் குழாய் வைத்தார்கள். பல்லியைப் பற்றிக் கேட்டதும் தம்பி, குசினியில் வால் மட்டும் கிடந்த நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டான், வைத்தியரிடமும் சொல்லியிருக்கிறோம்.

குளிசைகளில் ஒரு சந்தேகம். உர்சோடியொக்சிகோலிக் அமிலத்தையும் எஸ்.ஏ.எம்.இ. என்ற ஒன்றையும் தந்திருக்கிறார்கள். இரண்டையும் தூளாக்கிக் குழாயில் விடலாமா?

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் எழுதியது:

முதலாவது பித்தத்தை ஓடச்செய்யும் மருந்து, அதை உணவோடு, குழாய் வழியாகவே கொடுக்கலாம். பித்தக்கானில் அடைப்பு இல்லை என்று ஸ்கேனில் உறுதியானதால் அதைப் பயன்படுத்துவதில் தடையில்லை. இரண்டாவது ஈரலைக் காக்கத் தருவது, காற்றும் ஈரமும் பட்டால் கெடும் பொருள் என்பதால்தான் மேலுறையோடு வருகிறது. உடைக்காமல், வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணித்தியாலம் முன்பாக வாயில் கொடுத்து, உடனே 5 மி.லீ. தண்ணீரும் கொடுங்கள். வாயில் கொடுக்கும் எந்தக் குளிசைக்கும் அந்தத் தண்ணீர் அவசியம். பூனையின் உணவுக்குழாயில் குளிசை உலர்ந்தபடி ஒட்டிக்கொள்ளும். டொக்சிசைக்கிளின் என்ற பற்றீரியாக்கொல்லி போன்றவை அப்படி ஒட்டிய இடத்தைப் புண்ணாக்கிச் சுருங்கச் செய்துவிடும். குளிசை கொடுப்பதே போராட்டமாகிவிட்டால் வைத்தியரிடம் சொல்லி அதை நிறுத்திவிடுங்கள். உணவை மட்டும் ஒரு வேளையும் தவறவிடாதீர்கள்.

பம்பலப்பிட்டி அம்மா எழுதியது:

மகள், உங்கள் பூனை தேற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே தேறிய கதைகளே வருவதால் என்னுடையதையும் எழுதுகிறேன். எங்கள் பதினாறு வயதுப் பூனைக்கும் இதே போலத்தான் தொடங்கியது. குழாய் வைத்தோம், முறையாக உணவு கொடுத்தோம், எடைகூடச் சற்று ஏறியது. ஆனால் மஞ்சள் இறங்கவில்லை. பிறகு ஊசியால் எடுத்த மாதிரியில் ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதன் பின் குழாயை அவளுக்காக வைத்திருக்கிறோமா, எங்களுக்காக வைத்திருக்கிறோமா என்ற கேள்வி வந்தது. நாட்காட்டியில் ஒவ்வொரு இரவும் நல்ல நாளுக்கு ஒரு புள்ளடியும் கெட்ட நாளுக்கு ஒரு வட்டமும் போட்டோம். தன் உடம்பைத் தானே நக்கித் துடைத்தாளா, யன்னலோரம் போனாளா, பெயர் சொன்னால் காதைத் திருப்பினாளா என்பவைதான் எங்கள் கணக்கு. வட்டங்கள் தொடர்ந்து வந்த வாரத்தில் வைத்தியரை வீட்டுக்கு அழைத்தோம். அந்த நாட்காட்டி இல்லாமல் இருந்திருந்தால், இன்று சற்று நன்றாக இருக்கிறாள், நாளை பார்க்கலாம் என்றே நாட்களைக் கடத்தி அவளை வதைத்திருப்போம். நீங்களும் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள், குணமாவதைக் காண்பதற்கும் அது உதவும்.

வெள்ளவத்தை மாடிவீடு எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை நாங்கள் எல்லோரும் வாசித்தோம். நாட்காட்டி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்குகிறது.

இன்று ஒன்பதாம் நாள். மூன்றாம் நாள் பொட்டாசியம் குறைந்து, தலையைத் தூக்க முடியாமல் கழுத்தைத் தொங்கப்போட்டாள். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கும் மறுநாளுக்கும் வட்டம். அதைச் சரிசெய்த பிறகு ஒருமுறைதான் வாந்தி எடுத்தாள். இப்போது நாளொன்றுக்கு 200 மி.லீ. போகிறது. பிலிருபின் 4.1 இலிருந்து 2.9 ஆக இறங்கியிருக்கிறது. நேற்று மாலை அம்மா நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்து, அவித்த நெத்தலி ஒன்றை நக்கிவிட்டுப் போனாள். தின்னவில்லை. குழாயை எப்போது எடுப்பார்கள் என்று அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் எழுதியது:

அவசரம் வேண்டாம். வாயால் தானாகவே முழு அளவையும் உண்டு, குழாயில் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காமல், குறைந்தது ஒரு வாரமாவது எடை குறையாமல் நின்ற பிறகே எடுக்க வேண்டும். பலருக்கு அது ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அதுவரை துளையைச் சுற்றித் தினமும் பார்த்து, சிவப்போ சீழோ கண்டால் காட்டுங்கள். குழாய் உணவு கொடுப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பாக ஒரு சிறு தட்டில் நெத்தலியை வைத்துவிட்டு, அம்மாவை எதுவும் பேசாமல் அப்பால் போய்விடச் சொல்லுங்கள்.